இரு பொருள் ஒரு சொல்: ஷ்லேகலின் வாழ்க்கை

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை ஆங்கில இலக்கியம்)

சென்ற ஆண்டு நம் கல்லூரி நாடக விழாவிற்கு ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்திலிருந்து நான்கு காட்சிகளைத் தமிழில் நடிப்பதென்று எங்கள் துறையினர் முடிவு செய்தனர். மொழிபெயர்க்கும் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. சீசரின் கொலையையும் ஆண்டனியின் சொற்பொழிவையும் எப்படியோ தமிழுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஆனால் முதற்காட்சியில் வரும், பெயர்கூட இல்லாத ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளியிடம் நான் தோற்றுப் போனேன்.

ரோமாபுரித் தெருவிலே அதிகாரி ஒருவன் அவனை நிறுத்தி, என்ன தொழில் செய்கிறாய் என்று அதட்டுகிறான். தொழிலாளி நேராக விடை சொல்வதில்லை. ஆங்கிலத்தில் செருப்பின் அடித்தோலுக்கும் ‘சோல்’ என்று பெயர். ஆன்மாவுக்கும் ‘சோல்’ என்றே பெயர். எழுத்து வேறு, ஒலி ஒன்று. கெட்டுப்போன ‘சோல்’களைச் சீர்செய்பவன் நான் என்று அவன் சொல்லும்போது, செருப்பைச் சொல்கிறானா, ஆன்மாவைச் சொல்கிறானா என்று அதிகாரிக்கு விளங்கவில்லை. கூட்டம் சிரிக்கிறது. அதிகாரம் ஓர் ஏழையின் நாவுக்கு முன்னால் ஒரு நொடி தலைகுனிந்து நிற்கிறது. தமிழில் செருப்பு வேறு, ஆன்மா வேறு. மூன்று நாள் முயன்றேன். முடியவில்லை. அந்தக் காட்சியை வெட்டிவிடுவது என்று முடிவு கட்டினேன்.

வெட்டுவதில் ஒரு சங்கடம் இருந்தது. தொழிலாளியாக நடிக்கவிருந்த நண்பனுக்கு நாடகத்தில் அந்த ஒரு வேடந்தான். அவன் தந்தையார் பேருந்து நிலையத்தருகே அதே தொழிலைச் செய்பவர். விழாவிற்கு அவரும் வருவதாக இருந்தார். காட்சியை நீக்கப் போகிறேன் என்றதும் நண்பன் ஒன்றும் பேசவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். அந்தத் தலையாட்டல் என்னை உறங்கவிடவில்லை.

மறுநாள் என் இடரை எங்கள் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் ஜெர்மன் மொழியில் சான்றிதழ்ப் படிப்பு முடித்தவர். அவர் சிரித்துக்கொண்டே, இதே செருப்புத் தைப்பவனிடம் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு ஜெர்மானியர் மாட்டிக்கொண்டார், அவர் கதையைப் படித்துவிட்டு வா என்றார். அப்படித்தான் ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஷ்லேகல் எனக்கு அறிமுகமானார். நான் படித்தறிந்ததை மாணவ நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

குடும்பமும் கல்வியும்

ஷ்லேகல் 1767-ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் வட ஜெர்மனியின் ஹனோவர் நகரில் பிறந்தார். தந்தை ஜோஹன் அடால்ஃப் ஷ்லேகல், லூத்தரன் திருச்சபைப் போதகர், கவிஞரும்கூட. பெரிய தந்தை ஜோஹன் எலியாஸ் ஷ்லேகல் நாடக ஆசிரியர். 1741-இல் ‘ஜூலியஸ் சீசர்’ முதன்முறையாக ஜெர்மன் மொழியில் வெளிவந்தபோது, அதனையொட்டி ஷேக்ஸ்பியரைப் பற்றிக் கருத்துரை எழுதியவர் இந்தப் பெரிய தந்தைதான். ஆகவே ஷேக்ஸ்பியர் அந்தக் குடும்பத்திற்கு முன்பே பழக்கமானவர் எனலாம்.

அக்காலத்தில் இங்கிலாந்தின் மன்னரே ஹனோவருக்கும் ஆட்சியாளர். எனவே ஆங்கில நூல்களும் ஆங்கிலச் செய்திகளும் அந்நாட்டிற்கு எளிதாக வந்துகொண்டிருந்தன. இந்தத் தொடர்பு ஷ்லேகல் குடும்பத்தைத் தமிழ்நாட்டோடும் இணைத்தது. அவருடைய மூத்த சகோதரர்களுள் ஒருவரான கார்ல் ஆகஸ்ட், கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணையாக அனுப்பப்பட்ட ஹனோவர் படைப்பிரிவில் அதிகாரியாக இந்தியாவுக்கு வந்தார். 1789-இல் சென்னையில் உயிர்நீத்தார். தம்பிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பின்னாளில் அந்தத் தம்பி இந்திய மொழியொன்றில் தோய்ந்ததற்கு, கடல் கடந்து போய்த் திரும்பி வராத அண்ணனின் நினைவும் ஒரு காரணம் என்று எண்ணத் தோன்றுகிறது.

ஷ்லேகல் 1786-இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சமயக் கல்வி கற்க வந்தவர் விரைவில் மொழியியல், இலக்கியம் ஆகியவற்றின்பால் ஈர்க்கப்பட்டார். கிரேக்க, இலத்தீன் அறிஞர் ஹைனேயிடம் பாடம் கேட்டார். கவிஞர் பியூர்கர் அவருக்கு ஆசிரியராகவும் நண்பராகவும் வாய்த்தார். ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து ஷேக்ஸ்பியரின் ‘நடுவேனிற் கனவு’ நாடகத்தை ஜெர்மன் மொழியில் பெயர்க்கத் தொடங்கினர். அந்த முயற்சி அப்போது அச்சேறவில்லை. ஆனால் மாணவர் மனத்தில் விழுந்த விதை அழியவில்லை.

படிப்பு முடிந்ததும் வயிற்றுப்பாட்டைக் கவனிக்க வேண்டியிருந்தது. 1791 முதல் 1795 வரை ஆம்ஸ்டர்டாம் நகரில் வணிகர் ஒருவர் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியராக இருந்தார்.

முன்னோர் விட்டுச்சென்றது

ஷ்லேகலுக்கு முன்னும் ஜெர்மானியர் ஷேக்ஸ்பியரைப் படித்தனர். 1762-க்கும் 1766-க்கும் இடையில் வீலாண்ட் என்ற புகழ்பெற்ற எழுத்தாளர் இருபத்திரண்டு நாடகங்களை மொழிபெயர்த்தார். ஒன்றைத் தவிர மற்றவை யாவும் உரைநடையில். அவரை அடுத்து எஷன்பர்க் என்பார் எஞ்சியவற்றையும் பெரும்பாலும் உரைநடையில் தந்தார். இருவரும் செய்தது அரிய தொண்டு. இளைஞரான கோதே ஷேக்ஸ்பியரை அறிந்துகொண்டதில் வீலாண்டுக்குப் பெரும்பங்கு உண்டு.

ஆனால் ஒரு குறை இருந்தது. இருபொருள் தரும் சொற்கள் வரும் இடங்களில் வீலாண்ட் பொறுமை இழந்தார். பலவற்றை அப்படியே விட்டுவிட்டு, இது சுவையற்ற சொல்விளையாட்டு, மொழிபெயர்க்க இயலாது என்ற கருத்தில் அடிக்குறிப்பு எழுதி நகர்ந்தார். அந்த அடிக்குறிப்புகளைப் பற்றி அறிந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. நானும் அதையேதான் செய்யப் பார்த்தேன்! அடிக்குறிப்பு எழுதக்கூட எனக்குத் தோன்றவில்லை என்பதுதான் வேறுபாடு.

சிலேடை என்றால் நமக்குக் காளமேகப் புலவர் நினைவுக்கு வருவார். சிலேடையைக் கவிஞனின் திறமையாகப் போற்றும் மரபு நம்முடையது. ஆயினும் ஷேக்ஸ்பியரில் அது வெறும் திறமை காட்டல் அன்று. சாகப்போகிறவன் சிலேடை பேசுகிறான். தந்தையை இழந்த இளவரசன் சிலேடை பேசுகிறான். வாய்விட்டுச் சொல்ல முடியாததைச் சொல்ல அவர்களுக்கு இரண்டு பொருளுள்ள ஒரு சொல் தேவைப்படுகிறது. அதை நீக்கினால் நாடகத்தின் நரம்பை நீக்கியதாகும். இதனை நன்கு உணர்ந்தவர் ஷ்லேகல்.

1796-இல் கவிஞர் ஷில்லர் நடத்திய ‘ஹோரன்’ என்ற இதழில் ஷேக்ஸ்பியரைப் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். செய்யுளாக உள்ளது செய்யுளாகவே வரவேண்டும், உரைநடையாக உள்ளது உரைநடையாகவே வரவேண்டும், மூலத்தின் கரடுமுரடுகளையும் மழுப்பாமல் தரவேண்டும் என்பது அவர் கொள்கை. சொல்வது எளிது. ஆங்கிலச் சொற்களுள் பல ஓரசைச் சொற்கள். ஜெர்மன் சொற்கள் விகுதிகளைச் சுமந்து நீளுபவை. ஆங்கிலத்தில் ஓரடியில் அடங்குவது ஜெர்மனில் ஒன்றரை அடியாக வழியும். அந்த நெருக்கடிக்குள்தான் இருபொருளையும் காப்பாற்ற வேண்டும்.

ஜேனா நகர வாழ்வு

ஷில்லரின் அழைப்பை ஏற்று 1796-இல் ஷ்லேகல் ஜேனா நகரில் குடியேறினார். அவ்வாண்டே கரோலினா என்ற அம்மையாரை மணந்தார். கரோலினா கோட்டிங்கன் பேராசிரியர் ஒருவரின் மகள். இளவயதில் கணவரை இழந்தவர். பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்த மைன்ஸ் நகரக் குடியரசினரோடு பழகிய காரணத்தால் 1793-இல் சிறைவைக்கப்பட்டவர். சிறையிலிருந்து மீண்டவருக்கு ஊரார் கதவடைத்த வேளையில் துணைநின்றவர் ஷ்லேகல்.

அந்த வீட்டிலேதான் ஜெர்மானிய ஷேக்ஸ்பியர் பிறந்தார். 1797 முதல் 1801 வரை, ஐந்தே ஆண்டுகளில் பதினாறு நாடகங்கள் வெளிவந்தன. ரோமியோ ஜூலியட், நடுவேனிற் கனவு, ஜூலியஸ் சீசர், ஹாம்லெட், வெனிஸ் வணிகன், புயல் என்று வரிசையாக வந்தன. இடையில் 1798-இல் ஜேனா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்; தம்பி ஃப்ரீட்ரிஷ் ஷ்லேகலுடன் சேர்ந்து ‘அதெனேயம்’ என்ற இதழையும் நடத்தினார்.

அவருடைய கையெழுத்துப் படிகள் பல டிரெஸ்டன் நகர நூலகத்தில் பாதுகாக்கப்பட்டன. 1872-இல் மிக்கேல் பெர்னைஸ் என்ற அறிஞர் அவற்றை ஆராய்ந்து ஒரு நூலே எழுதினார். ஒரே இடத்திற்கு ஷ்லேகல் பல சொற்களை எழுதிப் பார்த்திருக்கிறார், அடித்திருக்கிறார், மீண்டும் எழுதியிருக்கிறார். படியெடுத்த கரோலினாவின் கையெழுத்தும் அவற்றில் உண்டு. கணவர் எழுதி வைத்த மாற்றுச் சொற்களுள் எது பொருந்தும் என்று தேர்வதிலும் அம்மையாருக்குப் பங்கிருந்தது. ஆயினும் நூலின் முகப்பில் ஒரு பெயர்தான் இருந்தது.

சொற்களோடு போராட்டம்

இனி, இருபொருள் தரும் ஆங்கிலச் சொற்களை ஷ்லேகல் எவ்வாறு கையாண்டார் என்பதைச் சில சான்றுகளால் காண்போம். ஜெர்மன் சொற்களின் நுட்பத்தை எனக்கு விளக்கியவர் எங்கள் பேராசிரியரே. அவர் சொல்லக் கேட்டு நான் குறித்துக்கொண்டவை இவை.

முதலாவது, அதிர்ஷ்டம் கைகொடுக்கும் இடம். ஹாம்லெட் நாடகத்தில் குழிவெட்டுபவனிடம், இளவரசனுக்குப் பித்துப் பிடித்ததன் காரணம் என்ன என்று ஹாம்லெட் வினவுகிறான். ஆங்கிலத்தில் ‘கிரவுண்ட்’ என்றால் காரணம். நிலம் என்றும் பொருள். குழிவெட்டுபவன் நிலம் என்ற பொருளைப் பிடித்துக்கொண்டு, இந்த டென்மார்க் மண்தான் என்று விடையிறுக்கிறான். ஜெர்மன் மொழியில் ‘குருண்ட்’ என்ற சொல்லுக்கும் இவ்விரு பொருளும் உண்டு. இரண்டும் ஒரே மொழிக் குடும்பத்துச் சகோதரிகள் அல்லவா! ஷ்லேகல் அச்சொல்லை எடுத்து வைத்தார். நகைச்சுவை சேதமின்றிக் கரையேறியது. இத்தகைய இடத்தில் மொழிபெயர்ப்பாளன் செய்யவேண்டியது, கிடைத்ததை நழுவவிடாமல் பிடித்துக்கொள்வதுதான்.

சகோதரிகள் ஏமாற்றுவதும் உண்டு. அதே நாடகத்தில் ஹாம்லெட் வாய்திறந்து சொல்லும் முதற்சொற்களில் ‘கின்’, ‘கைண்ட்’ என்ற இரண்டும் மோதுகின்றன. ‘கின்’ என்றால் உறவு. ‘கைண்ட்’ என்றால் இனம், இயல்பு, அன்பு என மூன்று பொருள். தந்தை இறந்ததும் தாயை மணந்துகொண்ட சிற்றப்பனிடம், உறவு கூடிவிட்டது, அன்புதான் இல்லை என்று குத்துகிறான் பிள்ளை. ஜெர்மன் மொழியிலும் ‘கிண்ட்’ என்று ஒரு சொல் உண்டு. ஆனால் அதற்குப் பொருள் குழந்தை! உருவம் ஒத்திருக்கிறதே என்று அதைப் பிடித்தால் கெட்டோம். ஷ்லேகல் அந்த வலையில் விழவில்லை. நண்பன் என்று பொருள்படும் ‘ஃப்ராய்ண்ட்’ என்ற சொல்லையும் அதிலிருந்து பிறந்த மற்றொரு சொல்லையும் எதிரெதிராக நிறுத்தினார். பழைய ஜெர்மன் வழக்கில் ‘ஃப்ராய்ண்ட்’ உறவினரையும் குறிக்கும். சொல் மாறியது, குத்தல் மாறவில்லை.

மூன்றாவது, ஒரு பொருளை விட்டு மறுபொருளுக்கு நிழல் தேடும் இடம். ரோமியோவின் நண்பன் மெர்க்யூஷியோ வாளால் குத்துண்டு சாகக் கிடக்கிறான். நாளைக்கு வந்து பார்த்தால் நான் ‘கிரேவ்’ ஆன மனிதனாக இருப்பேன் என்கிறான். அச்சொல்லுக்குக் கல்லறை என்றும் பொருள். சிரிப்பில்லாதவன் என்றும் பொருள். வாழ்நாளெல்லாம் சிரித்தவன் சாவையும் சிரித்தே வரவேற்கிறான். ஜெர்மன் மொழியில் கல்லறைக்கு ஒரு சொல், சிரிப்பின்மைக்கு வேறொரு சொல். இரண்டையும் இணைக்கும் சொல் இல்லை. ஷ்லேகல் கல்லறையைக் கைவிட்டார், சிரிப்பின்மையையும் கைவிட்டார். அமைதியானவன் என்று பொருள்படும் ‘ஷ்டில்’ என்ற எளிய சொல்லைப் போட்டார். வாயாடி ஒருவன், நாளை நான் பேசாதவனாக இருப்பேன் என்று சொன்னால் அதன் பொருள் என்ன? கேட்பவர் முதலில் புன்னகைப்பர்; மறுநொடி நெஞ்சு திடுக்கிடும். சொல்லின் இரண்டு பொருளும் போயின. சொன்னதன் விளைவு நின்றது.

நான்காவது, தோல்வியை ஒப்புக்கொள்ளும் இடம். வாழ்வதா சாவதா என்று ஹாம்லெட் தனிமையில் எண்ணும் புகழ்பெற்ற பகுதியில் ‘கான்ஷியன்ஸ்’ என்ற சொல் வருகிறது. ஷேக்ஸ்பியர் காலத்தில் அதற்கு மனச்சாட்சி என்றும் பொருள். எண்ணிப் பார்க்கும் அறிவு என்றும் பொருள். மனிதனைக் கோழையாக்குவது பாவத்திற்கு அஞ்சும் மனச்சாட்சியா, மிகையான சிந்தனையா? ஆங்கிலம் விடை சொல்லாமல் இரண்டையும் ஒரு சொல்லில் மூடி வைத்திருக்கிறது. ஜெர்மன் மொழியோ அவற்றை இரண்டு சொற்களாகப் பிரித்துவிட்டது. மனச்சாட்சி ‘கெவிஸ்ஸன்’; உணர்வறிவு ‘பெவுஸ்ட்ஸைன்’. ஷ்லேகல் முன்னதைத் தேர்ந்தார். தேர்ந்த அக்கணத்தில் மற்றொரு ஹாம்லெட் மறைந்து போனான். தமிழிலும் நமக்கு அதே கதிதான். மனச்சாட்சி என்று எழுதினால் சிந்தனை போகும். சிந்தனை என்று எழுதினால் மனச்சாட்சி போகும். ஒன்றைத் தேர்ந்துதான் ஆகவேண்டும்.

இனி நம் செருப்புத் தைப்பவன். ஷ்லேகல் அடித்தோலையும் ஆன்மாவையும் மறந்துவிட்டு, அந்தத் தொழிலாளியின் இடத்திலே தம்மை வைத்துப் பார்த்தார். இவன் ஜெர்மானியனாக இருந்தால் எந்தச் சொல்லைப் பிடித்து விளையாடுவான்? ‘வான்டெல்’ என்று ஒரு ஜெர்மன் சொல் இருக்கிறது. ஒருவர் வாழும் ஒழுக்கத்தை அது குறிக்கும். நடந்து செல்வதைக் குறிக்கும் வினைச்சொல்லோடு அதற்கு வேர் உறவு. கெட்ட ‘வான்டெல்’லைச் சீர்திருத்துவது என் தொழில் என்று அவன் வாயில் வைத்தார். சமயப் போதகர் பேசுவதுபோலவும் இருக்கிறது. செருப்புத் தைப்பவன் பேசுவதுபோலவும் இருக்கிறது. மூலத்தில் உள்ள ஒரு சொல்லும் இங்கே இல்லை. ஆனால் மூலத்தில் சிரித்த கூட்டம் இங்கேயும் சிரிக்கும்.

முறிந்த குடும்பம்

இத்தனை திறமையோடு செய்த பணி பாதி வழியில் நின்றது. 1800-இல் கரோலினாவின் மகள் ஆகஸ்டா பதினைந்து வயதில் நோயுற்று இறந்தாள். அந்தத் துயரத்திற்குப் பின் கணவனும் மனைவியும் விலகினர். தத்துவ அறிஞர் ஷெல்லிங்கின்பால் கரோலினாவின் மனம் சென்றது. 1803-இல் மணமுறிவு ஏற்பட்டது. கரோலினா ஷெல்லிங்கை மணந்தார். பதிப்பாளரோடும் ஷ்லேகலுக்குத் தகராறு எழுந்தது. 1801-க்குப் பிறகு அவர் முடித்து வெளியிட்டது ஒரே ஒரு ஷேக்ஸ்பியர் நாடகம்; அது 1810-இல் வெளிவந்த ‘மூன்றாம் ரிச்சர்டு’. மாக்பெத், லியர் மன்னன், ஒதெல்லோ ஆகிய பெரும் துன்பியல் நாடகங்கள் அவர் கைபடாமலே நின்றன.

1804-இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஸ்தேல் அம்மையாரை பெர்லினில் சந்தித்தார். நெப்போலியனின் பகைக்கு ஆளாகி நாடுகடத்தப்பட்டவர் அவ்வம்மையார். அவருடைய பிள்ளைகளுக்கு ஆசிரியராகவும் அவருக்கு இலக்கியத் துணைவராகவும், ஜெனீவா அருகிலுள்ள கொப்பே மாளிகையில் ஷ்லேகல் பல்லாண்டுகள் தங்கினார். 1808-இல் வியன்னாவில் நாடகக் கலை பற்றி அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் ஐரோப்பா எங்கும் பரவின. 1815-இல் அவை ஆங்கிலத்திலும் வெளிவந்தன. ஷேக்ஸ்பியரைப் போற்றுவது எப்படி என்று ஆங்கிலேயரே ஒரு ஜெர்மானியரிடம் கற்றுக்கொள்ளும் நிலை வந்தது. அம்மையார் 1817-இல் காலமாகும்வரை அந்தத் துணை நீடித்தது.

பான் நகரப் பேராசிரியர்

1818-இல் பான் பல்கலைக்கழகத்தில் ஷ்லேகல் பேராசிரியரானார். ஜெர்மனியில் இந்தியவியலுக்கென அமைந்த முதற் பேராசிரியர் பதவி அவருடையதே. நாற்பது வயதைக் கடந்த பிறகு பாரிஸ் நகரில் சமஸ்கிருதம் கற்றவர் அவர்! தேவநாகரி எழுத்துகளை வார்க்கச் செய்து பானில் அச்சகம் அமைத்தார். 1823-இல் பகவத் கீதையை இலத்தீன் மொழிபெயர்ப்போடு வெளியிட்டார். இராமாயணத்தையும் பதிப்பிக்கத் தொடங்கினார்.

இங்கேயும் பழைய பகைவன் அவரை விடவில்லை. ஆங்கிலச் சொற்களோடு போராடியவர் இப்போது ‘யோகம்’ என்ற சொல்லோடு போராடினார். நாம்கூட யோகம் என்ற சொல்லைத் தவத்திற்கும் சொல்கிறோம். பரிசுச்சீட்டில் பணம் விழுந்தாலும் யோகம் என்கிறோம். கீதையிலோ அச்சொல் இடத்திற்கு இடம் நிறம் மாறுகிறது. ஷ்லேகல் ஓரிடத்தில் பயிற்சி என்றும், ஓரிடத்தில் பக்தி என்றும், வேறோரிடத்தில் மறைபொருள் என்றும் பொருள்படும் வெவ்வேறு இலத்தீன் சொற்களை ஆண்டார். லாங்லுவா என்ற பிரெஞ்சு அறிஞர் இதனைக் கண்டித்தார். ஒரு சொல்லுக்கு இத்தனை சொற்களா, மூலத்தில் ஒன்றாய் இருந்ததைச் சிதறடித்துவிட்டீரே என்பது அவர் குற்றச்சாட்டு. வில்ஹெல்ம் ஃபான் ஹம்போல்ட் என்ற பேரறிஞர் ஷ்லேகலுக்குப் பரிந்து எழுதினார். எந்த மொழியின் சொல்லும் வேறு மொழிச் சொல்லோடு முற்றிலும் ஒத்துப்போவதில்லை என்பது ஹம்போல்ட்டின் கருத்து.

இருவரில் யார் சரி? ஒரே சொல்லை வைத்தால் ஒருமை நிற்கும். பொருள் சில இடங்களில் கெடும். பல சொற்களை வைத்தால் பொருள் தெளியும், ஒருமை கெடும். மொழிபெயர்ப்பாளன் எந்தப் பக்கம் போனாலும் சுங்கம் கட்டியே தீரவேண்டும்.

முதுமையும் முடிவும்

ஷ்லேகலின் வகுப்பில் அமர்ந்தவர்களுள் இருவர் பின்னாளில் உலகப் புகழ் பெற்றனர். ஒருவர் கவிஞர் ஹைன்ரிஷ் ஹைனே. மற்றவர் கார்ல் மார்க்ஸ். ஆசிரியரை வியந்து பாடிய அதே ஹைனே, பிற்காலத்தில் அவரைக் கடுமையாக எள்ளி நகையாடி எழுதினார். ஷ்லேகல் தற்பெருமை மிக்கவர், ஆடை அணிகளில் ஆசை கொண்டவர் என்று பலர் கேலி செய்தனர். 1818-இல் அவர் செய்துகொண்ட இரண்டாம் திருமணமும் சில வாரங்களில் முறிந்தது. பேரறிஞர் வீட்டுக்குள் தனியராகவே வாழ்ந்தார்.

அவர் விட்ட பணியை வேறொருவர் முடித்தார். கவிஞர் லுட்விக் டீக்கின் மேற்பார்வையில் 1825 முதல் 1833 வரை ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் முழுமையாக வெளிவந்தன. ஷ்லேகலின் பதினேழு நாடகங்களோடு, பௌடிஸ்ஸின் பிரபு பதின்மூன்றும், டீக்கின் மகள் டோரதியா ஆறும் மொழிபெயர்த்தனர். மாக்பெத்தை ஜெர்மானியருக்குத் தந்தவர் அந்தப் பெண்மணியே. ஆனால் அவர் பெயரும், கரோலினாவின் பெயர் போலவே, முகப்பில் இடம்பெறவில்லை. அந்தப் பதிப்பு ‘ஷ்லேகல்–டீக் ஷேக்ஸ்பியர்’ என்றே பெயர்பெற்றது. தம் சொற்களில் டீக் கைவைத்துத் திருத்தியது ஷ்லேகலுக்கு மனவருத்தம் தந்தது. பிற்பதிப்பில் தம் பழைய பாடத்தை அவர் மீட்டுக்கொண்டார். ஒவ்வொரு சொல்லையும் எத்தனை மாற்றுச் சொற்களை அடித்துவிட்டுத் தேர்ந்தார் என்பது அவருக்கல்லவா தெரியும்!

1845-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் பான் நகரில் ஷ்லேகல் மறைந்தார். அந்நகரின் பழைய கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறார். அவருக்குப் பின் எத்தனையோ புதிய மொழிபெயர்ப்புகள் வந்துவிட்டன. இருந்தும் ஜெர்மன் மேடையில் ஹாம்லெட் பேசும்போது அவர் சொற்களைக் கேட்டுப் பழகியவர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்துள்ளனர். பலர் அவற்றை ஷேக்ஸ்பியரின் சொற்கள் என்றே எண்ணுவர். பேசுபவர் பெயர் மறந்து, பேச்சு மட்டும் நிலைப்பதே மொழிபெயர்ப்பாளனுக்குக் கிடைக்கும் பேறும், அவன் செலுத்தும் விலையும் ஆகும்.

நான் கற்ற பாடம்

ஷ்லேகலைப் படித்து முடித்த இரவு, என் கைப்பிரதியை மீண்டும் எடுத்தேன். அடித்தோலையும் ஆன்மாவையும் தேடுவதை நிறுத்தினேன். இந்தத் தொழிலாளி நம் பேருந்து நிலையத்தருகே உட்கார்ந்திருந்தால் எந்தச் சொல்லைப் பிடிப்பான் என்று எண்ணினேன். பளிச்சென்று வந்தது ‘நடை’ என்ற சொல். கால் நடப்பதும் நடை. மனிதன் ஒழுகுவதும் நடை. ஷ்லேகலின் ‘வான்டெல்’லுக்கு அருகிலேயே ஒரு சொல் தமிழில் காத்துக்கிடந்திருக்கிறது; எனக்குத்தான் கண்ணில்லை. ஊரார் நடை கோணினால் சரிசெய்து அனுப்புபவன் நான் என்று எழுதினேன். ஆன்மா போய்விட்டது என்பது எனக்குத் தெரியும். அந்த இழப்பை நான் மறைக்கவில்லை. ஆனால் காட்சி நின்றது.

விழா நாளன்று நண்பன் அந்த வரியைச் சொன்னான். அரங்கம் சிரித்தது. ஆறாவது வரிசையில் அமர்ந்திருந்த அவன் தந்தையார் முதலில் சிரிக்கவில்லை. ஒரு கணம் கழித்து, தனியாக, உரக்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் இரண்டு பொருளும் இருந்தன என்றே நான் நம்புகிறேன்.

இருபொருள் தரும் சொல்லைக் கண்டு அஞ்சி அதை வெட்டிவிடுவது எளிது. வெட்டிய இடத்தில் ஒரு மனிதன் நின்றுகொண்டிருந்தான் என்பதை நாம் கவனிப்பதில்லை. எதை இழக்கிறோம் என்று அறிந்து இழப்பதும், இழந்ததற்கு ஈடாக நம் மொழியிலிருந்து ஒன்றைக் கொடுப்பதுமே நேர்மையான மொழிபெயர்ப்பு. இதனை எனக்குக் கற்பித்த ஷ்லேகலுக்கும், அவரை எனக்குக் காட்டிய பேராசிரியருக்கும் என் நன்றி உரியது.